இருவர் செய்த ஊழியம்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த நம்மில் பெரும்பாலோர்க்கு மிஷனெரிமார் என்றவுடனே நினைவில் எழுவன ஆலயங்களும் புத்தகங்களும் சிலைகளுமே. பாளையங்கோட்டையில் 1826இல் ரேனியுஸ் ஐயர் கட்டிய ஆலயத்தைக் காட்டி அவர் பெயரைச் சொல்லுகிறோம். மெஞ்ஞானபுரத்தில் 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரத்தைக் காட்டி யோவான் தாமஸ் ஐயர் பெயரைச் சொல்லுகிறோம். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் காட்டி ராபர்ட் கால்டுவெல் அத்தியட்சரின் பெயரைச் சொல்லுகிறோம். இவ்வாறு சொல்லுவதில் பிழையொன்றும் இல்லை. ஆயினும், அயல்நாட்டுக்குச் சென்று அங்கேயே முதுமையெய்தி மாண்ட ஒருவருடைய வாழ்நாளில், கோபுரம் நாட்டிய நாளும் புத்தகம் அச்சேறிய நாளும் மிகச் சிலவேயாம். எஞ்சிய பதினாயிரம் நாட்களும் எவ்வாறு கழிந்தன? அந்நாட்களில் உடனிருந்து பாடுபட்டவர் யார்? இவ்வினாக்களை எழுப்பாமல் மிஷனெரிமாரைப் புகழ்வோரும் இகழ்வோரும் பாதி வரலாற்றையே பேசுகிறார்கள் என்பது நம் கருத்து.

மிஷனெரியின் ஊழியத்தை அளக்கவேண்டிய கோல் அவருடைய அன்றாட வாழ்வே என்றும், அக்கோலால் அளக்குமிடத்து அவ்வூழியம் ஒருவருடையதன்று, இருவருடையது என்றும் நாம் துணிந்து சொல்லுகிறோம். இதற்குச் சான்றாக இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயரையும் எலைசா அம்மாளையும் எடுத்துக்கொள்வோம்.

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அயர்லாந்தில் ஸ்காத்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கற்றவர். 1838இல் லண்டன் மிஷனெரி சங்கத்தாரால் அனுப்பப்பட்டுச் சென்னை சேர்ந்தார். 1841இல் எஸ்.பி.ஜி. சங்கத்தில் இணைந்து, சென்னையிலிருந்து பெரும்பாலும் கால்நடையாகவே தஞ்சை, நீலகிரி முதலிய இடங்களைக் கடந்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடி வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. குதிரையோ பல்லக்கோ கிடைக்காமையால் அன்று, இந்நாட்டு மக்களை நேரில் அறியவேண்டும் என்பதற்காகவே அவர் நடந்தார்.

எலைசா அம்மாளின் கதை வேறு. அவர் நாகர்கோவிலில் ஊழியஞ்செய்த சார்லஸ் மால்ட் ஐயர், மார்த்தா அம்மாள் ஆகியோரின் மகள். அவ்வூரிலேயே பிறந்து தமிழ்க்குழந்தைகளின் பேச்சைக் காதாரக் கேட்டு வளர்ந்தவர். 1844இல் இவ்விருவர்க்கும் திருமணம் நடந்தது. ஆகவே, இவ்விருவரில் அயல்நாட்டிலிருந்து வந்தவர் ஒருவரே. மற்றவர்க்குத் தென்பாண்டி நாடு பிறந்த நாடு. ஐயர் ஏட்டிலும் இலக்கணத்திலும் தேடிக் கற்ற தமிழை, அம்மாள் அடுப்பங்கரையிலும் முற்றத்திலும் நின்றே பெற்றார். ஊரார் வீட்டுப் பெண்களிடம் சென்று உட்கார்ந்து பேச இத்தமிழே வேண்டுவது. இதனை நாம் முதலில் மனத்தில் இருத்தவேண்டும். ஏனெனில், மிஷனெரியின் மனைவியைக் கணவரின் நிழலாக எண்ணும் வழக்கம் இங்கேயே தகர்ந்துபோகிறது.

அவர்கள் வாழ்ந்த இடத்தையும் சிறிது நோக்குவோம். தாமிரபரணி பாயும் வளநாட்டை அறிந்த நமக்கு, முக்கூடலும் சீவலப்பேரியும் ஸ்ரீவைகுண்டமும் ஆத்தூரும் கண்ணுக்கினியவை. வாய்க்காலும் வயலும் வாழையும் தென்னையும் அங்கே உண்டு. இடையன்குடியோ இவ்வாற்றின் அருளுக்கு எட்டாதது. அது செம்மணல் தேரிநாடு. ஆடிக் காற்றில் மணல் எழும்பி இடம்பெயரும். அங்கே மக்களைக் காத்தது பனை ஒன்றே. ஆண்கள் நாள்தோறும் பல மரங்களில் ஏறி இறங்குவர். பெண்கள் பதநீரை அனலில் நின்று காய்ச்சிக் கருப்பட்டியாக்குவர். சிறுமிகள் விறகு பொறுக்குவர். பதநீர்க் காலம் வந்தால் வீட்டில் ஒரு கையும் சும்மாயிராது. பள்ளிக்குப் பிள்ளைகளை அழைப்பது அங்கே அறிவுரையால் மட்டும் நடக்கக்கூடிய காரியமன்று. அவ்வீட்டின் பிழைப்போடு போராட வேண்டிய காரியம்.

இத்தகைய ஊரில் ஒரு மிஷனெரிக் குடும்பத்தின் நாள் எவ்வாறு அமைந்தது? கால்டுவெல் ஐயர் 1857இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன்களைக் குறித்த சொற்பொழிவுகளிலும், அவர் மறைந்தபின் மருமகனாகிய வையாட் ஐயர் 1894இல் பதிப்பித்த அவருடைய நினைவுக் குறிப்புகளிலும் அக்கால வாழ்வின் சாயல் காணக்கிடக்கிறது. காலையிலும் மாலையிலும் ஊரார் கூடும் ஜெபம், பள்ளிகளைப் பார்வையிடல், உபதேசிமாரைக் கூட்டிக் கற்பித்தல், வழக்கோடு வருவோரின் முறையீட்டைக் கேட்டல், சுற்றூர்களுக்குப் பயணஞ்செய்தல், கிணறு தோண்டல், தெருவமைத்தல், மரம் நடல் என்பவற்றை மேற்பார்த்தல் ஆகிய இவையே ஐயரின் அலுவல்கள். இடையன்குடித் திரித்துவ ஆலயத்துக்கு 1847இல் அஸ்திபாரமிட்டு, 1880இலேதான் அதைப் பிரதிஷ்டை செய்ய முடிந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகள்! அத்தனை காலமும் கல்லுக்கும் காரைக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்ததும் அன்றாட அலுவலில் அடங்கியதே.

அம்மாளின் நாளோ ஏட்டில் அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. ஐயர் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்தாகவேண்டியவை அவர் பொறுப்பில் இருந்தன. பெண்பிள்ளைகளின் விடுதிப்பள்ளி அவற்றுள் முதன்மையானது. விடுதிப்பள்ளி என்பதை இக்காலத்து நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதன் பொருள் யாதெனில், விடியற்காலையில் எழுப்புவது முதல் இரவில் விளக்கணைப்பது வரை பல சிறுமிகளின் உணவு, உடை, நோய், கல்வி, சண்டை, அழுகை அனைத்தும் ஒருத்தியின் தலைமேல் இருப்பதாம். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு விடுமுறை நாள் என்று ஒன்று உண்டோ? தன் சொந்த மக்களையும் வளர்த்துக்கொண்டே அவர் இவற்றைச் செய்தார்.

அம்மாள் இவ்வூருக்குக் கொண்டுவந்த சீதனம் ஒன்று உண்டு. அதுவே ரேந்தை வேலை. நாகர்கோவிலில் தாயாராகிய மார்த்தா மால்ட் அம்மாள் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்த இக்கைத்தொழிலை மகள் இடையன்குடியில் நிலைநாட்டினார். உருண்டைத் தலையணை ஒன்றின்மேல் கோலம் வரைந்த தாளைப் பொருத்தி, புள்ளிதோறும் ஊசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகள் பலவற்றை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் பின்னுவது அது. ஒரு முழம் நீளத்துக்குப் பல நாள் செல்லும். ஒரு கட்டை வழி தவறினாலும் கோலம் கெடும். செம்மணல் பறக்கும் ஊரில் வெள்ளை நூலில் மாசு படாதபடி காப்பதே ஒரு தவம். விரலும் கண்ணும் மட்டுமன்று, எண்ணும் நினைவும் இதற்கு வேண்டும்.

இவ்வேலையின் பயன் வெறும் அழகுப் பொருளன்று. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இலேதான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னமே நாகர்கோவிலில் ரேந்தை பின்னிய பெண்களுட் சிலர் தங்கள் கூலியைக்கொண்டே தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள். இடையன்குடியிலும் ஒரு பெண் தன் கையால் ஈட்டிய காசைத் தன் முந்தானையில் முடிந்தாள் எனின், அது சிறு செய்தியோ? சொல்லைக் கேட்டு மாறுவோர் சிலர். கையில் தொழில் வந்தபின் நிமிர்வோர் பலர். ஐயருடைய பிரசங்கங்கள் எத்தனை என்று எண்ணுவோர், அம்மாளுடைய தலையணைகள் எத்தனை என்றும் எண்ணவேண்டும்.

நிற்க. இவர்களுடைய வாழ்வில் குறையே இல்லை என்று சொல்ல நாம் முன்வரவில்லை. கலாசாலையில் கற்போர் புகழுரைக்கு மயங்குதல் ஆகாது. கால்டுவெல் ஐயர் 1849இல், தாம் வந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே, பனைத்தொழில் செய்த மக்களைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அம்மக்களின் பிறப்பையும் பழக்கவழக்கத்தையும் அறிவையும் தாழ்த்தி எழுதினார். கற்று முன்னேறிய அம்மக்களின் வழித்தோன்றல்கள் அதைக் கண்டு நெஞ்சு புண்பட்டனர். 1857இல் மிஷனெரிமாரைவிட்டுப் பிரிந்து தனித்திருச்சபை கண்ட சட்டம்பிள்ளை முதலியோர் அதனை வன்மையாக மறுத்தனர். 1880களில் அக்கிளர்ச்சி ஓங்கிற்று. அம்மனக்குறை நியாயமானதே. தம்மை உண்ண வைத்தும் உடுக்க வைத்தும் கற்பித்தவர் தம்மைப்பற்றி அயலாருக்கு அவ்வாறு எழுதினார் என்றறிவது எவருக்கும் கசப்பானதே. நன்றி என்பது இவ்வுண்மையை மறைக்கும் திரையாதல் தகாது.

ஆனால் இங்கேதான் அன்றாட வாழ்வு என்னும் கோல் நமக்கு உதவுகிறது. அந்நூல் அம்மக்களின் அறிவு மந்தமானது என்றது. அதே வளவில், ஐயரின் மேசைக்குச் சில கோல் தூரத்தில், அம்மக்களின் சிறுமிகள் எண்ணற்ற கட்டைகளின் போக்கை மனத்தில் இருத்தி ரேந்தை பின்னிக்கொண்டிருந்தார்கள்; படித்துக்கொண்டிருந்தார்கள்; பின்னர் ஆசிரியைகளாயினர். புத்தகம் சொன்னதை அவ்வீட்டின் திண்ணையே மறுத்தது. பொதுப்படப் பேசும் எழுதுகோலைவிட, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்துக் கைபிடித்துக் கற்பிக்கும் அன்றாட ஊழியமே உண்மையை அருகில் கண்டது. ஆகவே, அம்மாளின் வேலையை வரலாற்றிலிருந்து நீக்குவோர் ஐயருக்கும் நன்மை செய்வதில்லை. அவருடைய பிழைக்கு அவ்வீட்டிலேயே இருந்த மறுமொழியையும் சேர்த்தே நீக்கிவிடுகிறார்கள்.

இனி அவருடைய பெரும்புகழுக்குக் காரணமான ஒப்பிலக்கணத்தைப் பார்ப்போம். 1854இல் உடல்நலிந்து தாய்நாடு சென்றிருந்த காலத்திலேயே அது நிறைவெய்தி லண்டனில் அச்சாயிற்று. பன்னிரண்டு மொழிகளை ஆராய்ந்து விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875இல் மற்றொரு விடுப்பின்போது வெளியாயிற்று. அந்நூலை அம்மாள் எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. அது ஐயருடைய நுண்ணறிவின் கனியே. ஆயினும் ஊழியமும் ஆராய்ச்சியும் ஒருங்கே செய்தவர்க்கு, ஆராய்ச்சிக்கு வேண்டும் அமைதியான மணிநேரம் எங்கிருந்து கிடைத்தது? வேறொருவர் அவருடைய வாசலில் நின்று அன்றாடத் தொல்லைகளைத் தாங்கியமையால் கிடைத்தது. அவ்வண்ணமே பயணத்தில் பண்டி ஓட்டியவர், சமைத்தவர், சொல்லுக்குப் பொருள் சொன்ன முன்ஷிமார், ஊரூராய் நடந்த உபதேசிமார் ஆகியோரும் அந்நேரத்தைக் கொடுத்தவர்களே. 1870களில் அவர் தாமிரபரணி முகத்துவாரத்தருகே கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து ஆராய்ந்தார் என்று நாம் பெருமையாய்ப் படிக்கிறோம். மண்வெட்டி பிடித்த கைகள் அவருடையவை மட்டுமா? ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் பின்வாங்கிக் கொற்கை உள்நாட்டூராய்ப் போனதுபோல், ஒருவர் பெயர் என்னும் வண்டல் படிந்து பலர் பெயர் நம் கண்ணுக்கு மறைந்துபோயிற்று.

எலைசா அம்மாளைப்போன்றோர் பெயர் மறைந்ததற்கு ஒரு காரணம் சங்கங்களின் கணக்குப் புத்தகமே. அக்காலத்தில் சங்கத்தின் ஊழியர் பட்டியலில் எழுதப்பட்டவர் கணவர். சம்பளமும் அவர் பெயரிலேயே வந்தது. மனைவி அவரோடு கூட வந்தவர், அவ்வளவே. ஒரு சம்பளத்துக்கு இருவர் ஊழியஞ்செய்தனர். மெஞ்ஞானபுரத்தில் தாமஸ் ஐயர் 1870இல் மறைந்தார். அவருடைய மனைவி மேரி அம்மாளோ ஊரைவிட்டுப் போகாமல் பெண்கல்விக்காகவே எஞ்சிய நாட்களை அங்கு செலவிட்டார். கணவருக்குத் துணையாக மட்டுமே வந்தவராயின், கணவர் மறைந்த மறுநாள் கப்பலேற அவருக்குத் தடையென்ன? இச்செயலொன்றே போதும், அவ்வூழியம் அவருடைய சொந்த ஊழியம் என்பதைக் காட்ட.

கால்டுவெல் தம்பதிகளின் முதுமையும் இதையே சொல்லுகிறது. 1877இல் ஐயர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அக்காலமோ தாதுவருஷப் பஞ்சத்தின் கொடுங்காலம். 1883இல், பலர் ஓய்ந்து உட்காரும் வயதில், நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த இடையன்குடியை விட்டுத் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து, அங்கே கல்லூரிப் பணியை மேற்கொண்டனர். 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28ஆம் நாள் ஐயர் கோடைக்கானலில் காலமானார். அவர் உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கஞ்செய்யப்பட்டது. அம்மாள் 1899இல் மறைந்தார். அவரும் அவ்வாலயத்திலேயே கணவருக்கருகில் உறங்குகிறார். கல்லறையில் இருவர்க்கும் இடங்கொடுத்த ஊர் இடையன்குடி. நாட்டார் நினைவிலோ ஒருவருக்கே இடங்கிடைத்தது. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் ஐயருக்குச் சிலை எழுந்தது. 2010இல் அவர் பெயரால் அஞ்சல்தலை வெளிவந்தது. அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாட்டரசு நினைவில்லமாக்கியது. இவை யாவும் தக்கனவே. ஆனால் அது எலைசா அம்மாளும் வாழ்ந்து உழைத்த வீடன்றோ?

வேலையைப் பங்கிட்டுக்கொள்வது குடும்பத்துக்கு இயல்பு, இதனைப் பெரிதாக்குவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். வள்ளுவரும் வாழ்க்கைத்துணைநலத்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தாரே, துணை என்பது போதாதா என்பர். போதும், துணையின் பெயர் சொல்லப்படுமாயின். பெயரின்றிப் போன துணை, துணையாயிருந்தது என்பதற்கே சான்று இல்லாமற் போகிறது. அடுத்த தலைமுறைப் பெண், தனக்கு முன்னே இவ்வழியில் நடந்தவர் ஒருவருமில்லை என்றெண்ணி ஒன்றுமில்லாமையிலிருந்து தொடங்குகிறாள். இதுவே நாம் அஞ்சும் நஷ்டம்.

இது ஐரோப்பியரைப் பற்றிய பழங்கதை மட்டுமன்று. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிய நாள்முதல் நம்மவரே அயல்மொழி நாட்டுக்கு ஊழியராய்ச் சென்றனர். அதன் ஸ்தாபகருள் ஒருவரும், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவருமாகிய வே. ச. அசரியா 1909இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குக் குடியேறினார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். 1898இல் அவரை மணந்த அன்பு மாரியம்மாள், கலாசாலைப் படிப்பை எட்டிய முதல் தென்னாட்டுப் பெண்களுள் ஒருவர். தமிழ்வாயைத் தெலுங்குக்குத் திருப்பி, அயலூர்ப் பெண்களின் நடுவே தம் வாழ்நாளைக் கழித்தவர். 1910இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா, எங்களுக்குத் தியாகிகளை மட்டுமன்று நண்பர்களையும் தாருங்கள் என்னும் கருத்துப்பட மேனாட்டாரை நோக்கிப் பேசியது உலகறிந்தது. நட்பு என்பதோ மேடையில் விளைவதன்று. ஒரே பந்தியில் உண்பதிலும் ஒரே திண்ணையில் உட்காருவதிலும் நோயில் வந்து பார்ப்பதிலும் விளைவது. அவ்வேலையில் வீட்டம்மாளின் பங்கு பாதிக்குக் குறைந்ததென்று யாரும் சொல்லத் துணியார்.

ஆகவே நம் கலாசாலையாருக்கு இரண்டொரு காரியங்களை விண்ணப்பிக்கிறோம். நம் வருடாந்தரப் பத்திரிகையில் பழைய மாணவர் செய்தி எழுதும்போது, இன்னார் இன்ன நாட்டில் மனைவியுடன் ஊழியஞ்செய்கிறார் என்று எழுதி முடித்துவிடுகிறோம். இனி அவ்வம்மையாரின் பெயரையும் அவர் செய்யும் வேலையையும் கேட்டெழுதுவோம். மனைவி பழைய மாணவியாயின் கணவர் பெயரையும் அவ்வாறே எழுதுவோம். ஒரு வரி கூடுதலாக அச்சுக்கோப்பதால் பத்திரிகைக்கு நஷ்டமொன்றுமில்லை.

மாணவ மாணவியர்க்கு ஒரு சொல். நீங்கள் விடுமுறைக்கு இடையன்குடிக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் நாசரேத்துக்கும் சாயர்புரத்துக்கும் செல்லுகிறீர்கள். அங்கே பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டிமார் ரேந்தை பின்னினார்களா, விடுதியில் படித்தார்களா, எவரிடம் கற்றார்கள், கிடைத்த காசை என்ன செய்தார்கள் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டையும் கலியாணப் பதிவேட்டையும் ஆயரவர்களின் அனுமதி பெற்றுப் பாருங்கள். உபதேசியாரின் பெயர் இருக்கும் வரியில் அவர் மனைவியின் பெயரும் இருக்கும். வெள்ளைக்கார அம்மாள் ஒருவரின் பெயராவது நமக்குக் கிடைத்தது. அவரோடு நின்று உழைத்த தமிழ்ப்பெண்களின் பெயர்கள் அப்பழைய தாள்களிலும், பாட்டிமாரின் நினைவிலுமே இருக்கின்றன. தாளைச் செல் அரிக்கிறது. நினைவை முதுமை அரிக்கிறது. கேட்கவேண்டியவற்றை இந்த விடுமுறையிலேயே கேட்டு, எழுதி, கல்லூரி திறந்தவுடன் நூல்நிலையத்தில் கொண்டுவந்து சேர்ப்பீர்களாக.